ஒன்பது நாள் தலைமை

2015 செப்டம்பரில் மூணாறு எஸ்டேட் பெண்கள் கொழுந்துக் கத்திரியைக் கம்பெனிக் குடியிருப்பான லயத்தில் வைத்துவிட்டு மலையிலிருந்து இறங்கினார்கள். டிவிஷன் டிவிஷனாக வந்து, ஊருக்கு நடுவே போகும் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். ஒன்பது நாள் அந்தச் சாலை அவர்களுடையதாக இருந்தது. கண்ணன் தேவன் மலைத் தோட்டக் கம்பெனி அந்த ஆண்டு 10 சதவீதம்தான் போனஸ் என்று அறிவித்திருந்தது. முந்தைய ஆண்டு வாங்கியதில் அது ஏறத்தாழப் பாதி. பெண்கள் கேட்டது 20 சதவீதம். அப்போது நாள்கூலி 232 ரூபாய். அதை 500 ஆக்க வேண்டும் என்பதும் அவர்கள் கோரிக்கை.

போனஸுக்காகத் தொழிலாளர்கள் போராடுவது மூணாற்றுக்குப் புதிதல்ல. இவர்கள் யாரையும் கேட்காமல் இறங்கியதுதான் புதிது. அந்த ஊரில் சங்கங்கள் பலமானவை. ஏ.ஐ.டி.யு.சி., ஐ.என்.டி.யு.சி., சி.ஐ.டி.யு. மூன்றும் பல பத்தாண்டுகளாக வேரூன்றியவை. அவற்றுக்குச் சந்தா கட்டிவந்த பெண்களே அன்று சங்கத் தலைவர்களைக் கூட்டத்துக்குள் விடவில்லை. கொடியோடு வந்தவர்களை விரட்டினார்கள். தொகுதியின் சட்டமன்ற உறுப்பினரும் திரும்பிப் போக வேண்டியதாயிற்று. தலைவர்கள் கம்பெனிக்காரர்களாகிவிட்டார்கள் என்று தொலைக்காட்சிக் கேமராவைப் பார்த்து நேராகவே சொன்னார்கள். முழக்கங்களைச் சாலையிலேயே கட்டினார்கள். வீடு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, சாப்பாடு என்று ஒவ்வொன்றிலும் எங்களுக்கு என்ன கிடைத்தது, உங்களுக்கு என்ன கிடைத்தது என்று வரிசையாகக் கேட்ட முழக்கங்கள் அவை. ஆண்கள், வீட்டுக்காரர்கள் உட்பட, ஓரமாக நின்றார்கள். பெண்கள் ஒற்றுமை என்று பொருள்படும் பெம்பிளை ஒருமை என்ற அவர்களுடைய பெயர் அந்த நாட்களில்தான் கேரளம் முழுக்கப் பரவியது.

இதை நான் மறுபடி மறுபடி நினைத்துப் பார்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. நெருக்கடி காலத்தில் பெண்களின் தலைமை என்று பேச்சு எழும்போதெல்லாம் ஒரு பாராட்டு தயாராக வந்து நிற்கிறது. பெண்களுக்குப் பொறுமை அதிகம், இரக்கம் அதிகம், ஆபத்து வந்தால் தாயைப் போல முன்னே வந்து நிற்பார்கள் என்பது அந்தப் பாராட்டு. 2020இல் கொரோனா பரவியபோது நியூசிலாந்திலும் ஜெர்மனியிலும் தைவானிலும் ஆட்சியில் இருந்த பெண்களைப் பற்றி இப்படித்தான் நிறைய எழுதப்பட்டது. எனக்கு அந்தப் பாராட்டில் நம்பிக்கை இல்லை. அது பெண்ணின் தலைமையை ஆபத்துக்கு என்று தனியே ஒதுக்கி வைக்கிறது. ஆபத்து தீர்ந்ததும் அந்தத் தலைமையும் தீர்ந்துவிட்டதாகக் கொள்ள அது வழி விடுகிறது.

கேரளத்திலேயே உதாரணம் உண்டு. 2018இல் கோழிக்கோட்டுப் பக்கம் நிபா பரவியபோதும், 2020இல் கொரோனாவின்போதும் சுகாதார அமைச்சராக இருந்தவர் கே.கே. சைலஜா. பள்ளி ஆசிரியராக இருந்தவர். அவருடைய பெயர் உலகமெங்கும் போயிற்று. 2021 தேர்தலில் மட்டன்னூரில் 60,000க்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் வென்றார். புதிய அமைச்சரவையில் அவர் இல்லை. முதலமைச்சரைத் தவிர மார்க்சிஸ்ட் கட்சியின் அமைச்சர்கள் எல்லோருமே புதியவர்கள் என்று கட்சி காரணம் சொன்னது. அந்த விளக்கத்தை அப்படியே ஏற்றுக்கொண்டாலும் நோயின் இரண்டாம் அலை அப்போது உச்சத்தில் இருந்தது என்பது மாறாது. விதிவிலக்கு ஒருவருக்குக் கிடைத்தது, அவர் ஆண்.

அமைச்சர் பதவி உயரத்தில் இருக்கிற விஷயம். மூணாற்றுப் பெண்கள் தரையில் இருந்தவர்கள். அங்கே என்ன நடந்தது என்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும்.

கொழுந்தெடுக்கும் பெண்ணின் நாள் இருட்டோடு தொடங்குகிறது. சமைத்து, பிள்ளைகளைக் கிளப்பி, பேர் கொடுக்க மஸ்டருக்கு ஓட வேண்டும். மலையில் தேயிலைச் செடி காலையில் நனைந்துதான் இருக்கும், கிளைகள் வயிற்றில் குத்தும். அதனால் இடுப்பைச் சுற்றித் தடித்த பிளாஸ்டிக் விரிப்பைக் கட்டிக்கொள்கிறார்கள். முதுகில் கொழுந்துப் பை. அஞ்சல்தலையிலும் டீத்தூள் பாக்கெட்டிலும் பார்க்கிற, இரண்டு விரலால் நளினமாகக் கிள்ளுகிற படத்தை மறந்துவிடலாம். இன்று கையில் இருப்பது கத்திரி. நீளமான இரண்டு கைப்பிடி, ஓர் அலகின் மேல் பொருத்திய பெட்டி. வெட்டிய கொழுந்து பெட்டிக்குள் விழும். பெட்டி நிறைந்ததும் அப்படியே தூக்கி, தோளுக்கு மேலாக ஓர் உதறு உதறிப் பைக்குள் தள்ள வேண்டும். சரிவில் நின்றபடி இதை நாள் முழுக்கச் செய்ய வேண்டும். மணிக்கட்டும் தோள்பட்டையும் முதலில் தேயும், பிறகு இடுப்பு. ஈரத்தில் அட்டை ஏறும். யானை இறங்குகிற பகுதியில் அந்தப் பயம் வேறு.

பை நிறைந்தால் நிறுக்கும் இடத்துக்குச் சுமந்துகொண்டு போக வேண்டும். அன்றைக்கு அடிப்படைக் கூலிக்கு 21 கிலோ. அதற்கு மேல் வெட்டினால் கிலோவுக்கு இவ்வளவு என்று சில்லறைக் காசு. தராசுப் பக்கத்தில் நோட்டுப் புத்தகத்தோடு நிற்பவர் பெரும்பாலும் ஆண். பை எடைக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று அவர் கழிப்பார். "என்னண்ணே, இன்னிக்குத்தான் மழையே இல்லியே, எதுக்குத் தண்ணிக்குக் கழிக்கிறீங்க?" என்று ஒருத்தி கேட்பாள். பின்னால் நிற்பவளும் அதையே கேட்பாள். அவர் முணுமுணுத்துக்கொண்டே எழுதுவார். அவள் தன் எண்ணை மனதில் வாங்கிக்கொண்டு நகர்வாள். ஒரு நாளைக்குப் பல தடவை நிறுத்தாலும் அத்தனை எண்ணும் அவள் தலைக்குள் இருக்கும். மாதக் கடைசியில் சம்பளச் சீட்டு வரும்போது அந்தக் கூட்டலை இந்தக் கூட்டலோடு ஒப்பிட்டுப் பார்ப்பாள். அரிசிக்கும் கம்பளிக்கும் மருந்துக்கும் என்ன பிடித்தார்கள், சங்கத்துக்கு என்ன போயிற்று, சீட்டுப் பணத்துக்கு என்ன மிஞ்சும் என்பது எல்லாம் அவளுக்குத் தெரியும். அப்போது நடப்பில் இருந்த 1965ஆம் ஆண்டு போனஸ் சட்டப்படி குறைந்தபட்சம் 8.33 சதவீதம், அதிகபட்சம் 20 என்பதைத் தோட்டத்தில் யாரும் புத்தகம் பார்த்துச் சொன்னதில்லை, அது மனப்பாடம்.

வேலை செட்டாக, குழுக் குழுவாக நடக்கிறது. கர்ப்பமாக இருப்பவளுக்கு அருகில் நிற்பவள் இரண்டு கை கொழுந்து அவள் பையில் போடுவாள். குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் யார் லயத்தில் விடுவது, குடித்துவிட்டு அடிக்கிறவனை யார் போய்க் கேட்பது, சீட்டை யார் பிடிப்பது, அதில் இந்த மாதம் யாருக்கு அவசரம் என்பதையெல்லாம் அந்தச் செட்டு தீர்மானிக்கும். இதற்கு யாரும் தலைமை என்று பெயர் வைத்ததில்லை. ஆயிரக்கணக்கான பேரை ஒன்பது நாள் ஒரு சாலையில் நிறுத்திவைக்க மேடைப்பேச்சு போதாது. யார் பிள்ளைக்கு யார் சோறு வடிக்கிறாள் என்பதும், யாருக்குக் கடன் நெருக்குகிறது, யார் முதலில் தளர்ந்துபோவாள் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். சங்கத் தலைவர்களுக்கு அது தெரியாது. இவர்களுக்குத் தெரியும். செப்டம்பரில் புதிதாக எதுவும் பிறக்கவில்லை என்றே நினைக்கிறேன். அன்றாடம் நடந்துகொண்டிருந்த ஒன்றை ஊர் அந்த மாதம் பார்த்தது.

பார்த்தவர்கள் திகைத்தார்கள். மலையாளத் தொலைக்காட்சிகள் மூணாற்றில் முகாமிட்டன. பெண்கள் தமிழில் பேசினார்கள், பலர் தமிழும் மலையாளமும் கலந்து பேசினார்கள். உடனே சந்தேகமும் கிளம்பியது. பின்னால் தமிழ்த் தீவிர அமைப்புகள் இருக்கின்றன, மாவோயிஸ்டுகள் இருக்கிறார்கள் என்று பேச்சுகள் உலவின. இந்தச் சந்தேகத்துக்குப் பழைய வேர் உண்டு. 1956 மாநிலப் பிரிவினையின்போது தேவிகுளமும் பீர்மேடும் தமிழர் மிகுந்த பகுதிகள் என்று தமிழகம் கேட்டது. அவை கேரளத்தோடு போயின. முல்லைப் பெரியாறு விவகாரம் சூடேறும்போதெல்லாம் இடுக்கித் தோட்டத் தொழிலாளர்கள் இரண்டு பக்கத்துக் கோபத்துக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறார்கள். இவர்களின் பாட்டன் பூட்டன்கள் திருநெல்வேலி, மதுரைச் சீமைகளிலிருந்து கங்காணிமாரோடு மலையேறியவர்கள். பெரும்பாலோர் தலித்துகள். பஞ்சமும் சாதியும் துரத்த வந்தவர்கள். நான்கைந்து தலைமுறை அந்த மண்ணில் உழைத்து, அந்த மண்ணில் புதைந்த பிறகும், தாங்களாகவே ஒரு போராட்டத்தை நடத்தத் தெரிந்தவர்கள் என்று அவர்களை எண்ணிப் பார்க்கப் பலருக்கும் மனம் வரவில்லை. யாரோ தூண்டியிருக்க வேண்டும், யாரோ சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். பெண் என்பதும் கூலிக்காரி என்பதும் தலித் என்பதும் தமிழச்சி என்பதும் ஒன்றாகச் சேரும்போது சந்தேகம் நான்கு மடங்காகிறது.

ஒன்பதாவது நாள் எதிர்க்கட்சித் தலைவர் வி.எஸ். அச்சுதானந்தன் வந்தார். அப்போது அவருக்கு வயது 91. அவரை அவர்கள் விரட்டவில்லை. நடுவில் உட்கார இடம் கொடுத்தார்கள். முடிவு வரும் வரை அவர் அவர்களோடு உட்கார்ந்திருந்தார். முதலமைச்சர் உம்மன் சாண்டி நடத்திய பேச்சுவார்த்தையில் பெண்களின் பிரதிநிதிகள் கலந்துகொண்டார்கள். 8.33 சதவீதம் போனஸ், 11.67 சதவீதம் கருணைத்தொகை, மொத்தம் 20 என்று முடிவானது. கேட்டது கிடைத்தது. கேரளத்தின் தொழிற்சங்க வரலாற்றில் அதுபோல இன்னொன்றைக் காட்டுவது கடினம்.

கூலி உயர்வு மிச்சமிருந்தது. அதை முடிவுசெய்வது தோட்டத் தொழிலுக்கான முத்தரப்புக் குழு. அரசு, முதலாளிகள், சங்கங்கள் உட்காரும் இடம் அது. பெம்பிளை ஒருமை அப்போது பதிவுபெற்ற சங்கம் இல்லை. அதனால் அந்த மேசையில் அவர்களுக்கு இடம் இல்லை. செப்டம்பர் இறுதியில் மறுபடி போராட்டம் தொடங்கியது. இம்முறை சங்கங்களும் களத்தில் இறங்கின. அக்டோபர் நடுவில் முடிவு வந்தது. தேயிலைத் தொழிலாளிக்கு 301 ரூபாய். சாலையில் அமர்ந்து 20 சதவீதம் வாங்கியவர்கள், மேசை உள்ளே இருந்தபோது வெளியே நின்றார்கள். 500 கேட்டவர்களுக்கு 301 வந்து சேர்ந்தது. உள்ளே இருந்திருந்தால் 500 வந்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. அந்த 301க்கு எப்படி வந்தார்கள் என்பதாவது அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

மேசையைப் பற்றிப் பேசும்போது பாப்பம்மாளை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1958இல், ஈ.எம்.எஸ். முதலமைச்சராக இருந்தபோது மூணாற்றுத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடந்தது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு தொழிலாளர்கள் இறந்தார்கள். ஒருவர் ஹசன் ராவுத்தர். மற்றவர் பாப்பம்மாள். மூணாற்றுத் தொழிலாளர் இயக்கத்தின் முதல் தியாகிகளில் ஒருத்தி பெண். பெண்கள் போராட வருவதில்லை, பொதுவேலையில் அவர்களுக்கு நாட்டம் இல்லை என்று சங்கத்தில் யாரும் சொல்ல முடியாத அளவுக்குத் தெளிவான சாட்சி அது. ஆனாலும் அடுத்த அரை நூற்றாண்டுக்கு மேலாகத் தோட்டச் சங்கங்களின் தலைமைப் பொறுப்புகள் பெரும்பாலும் ஆண்களிடம்தான் இருந்தன. கொழுந்தெடுக்கும் வேலையில் பெரும்பான்மை பெண்கள், அவர்களுக்காகப் பேசும் வேலையில் பெரும்பான்மை ஆண்கள்.

சதி என்று சொல்லிக் கடந்துபோக இதில் ஒன்றும் இல்லை, காரணம் அதைவிடச் சாதாரணம். சங்கக் கூட்டம் சாயங்காலம் நடக்கும். வேலை முடிந்து வரும் ஆணுக்கு அது ஓய்வு நேரம். பெண்ணுக்கு அது தண்ணீர் பிடித்து, விறகு பொறுக்கி, அடுப்பு மூட்டும் நேரம். பேச்சுவார்த்தைக்குக் கொச்சிக்கோ திருவனந்தபுரத்துக்கோ போக வேண்டும், போனால் கூலி போகும், இரவு தங்க வேண்டும். அறிக்கை மலையாளத்தில் இருக்கும், ஒப்பந்தம் ஆங்கிலத்தில் இருக்கும், அவள் படித்த எஸ்டேட் பள்ளிக்கூடம் தமிழ். சங்கம் அவளை வேண்டாம் என்று சொல்லியதே கிடையாது. அவள் வர முடியாத நேரத்தில், வர முடியாத இடத்தில், வாசிக்க முடியாத தாளோடு கூடிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். நெருக்கடி நாட்களில் மட்டும் இந்த ஏற்பாடு கலைந்துபோகிறது. வேலையே நின்றுவிட்டதால் பகலெல்லாம் கூட்டம், கூட்டம் நடப்பது வீட்டுக்குக் கீழேயுள்ள சாலையில், பேசுவது தன் மொழியில். பெண்கள் தலைமைக்கு வந்ததில் அப்போது ஆச்சரியம் என்ன? சாதாரண நாட்கள் திரும்பியபோது கூட்டம் மறுபடி சாயங்காலத்துக்குப் போயிற்று.

அதற்குப் பிறகு நடந்ததைச் சிலர் மகிழ்ச்சியோடு சொல்வார்கள், சிலர் மறைத்துவிடுவார்கள். இரண்டும் தவறு. 2015 நவம்பர் உள்ளாட்சித் தேர்தலில் பெம்பிளை ஒருமை நின்றது. போராட்டத்தின் முன்னணியில் நின்ற கோமதி தேவிகுளம் பிளாக் பஞ்சாயத்துக்கு வென்றார், மூணாறு பஞ்சாயத்திலும் இடங்கள் கிடைத்தன. அடுத்த ஆண்டு சட்டமன்றத் தேர்தலில் அவர்கள் நிறுத்திய வேட்பாளருக்கு விழுந்த வாக்குகள் மிகக் கொஞ்சம். அதற்குள் முன்னணியில் இருந்த லிசி சண்ணி, கோமதி, இந்திராணி ஆகியோருக்கு இடையே விரிசல் விழுந்திருந்தது. கோமதி மார்க்சிஸ்ட் கட்சிப் பக்கம் போனார், பிறகு விலகினார். பெம்பிளை ஒருமை சிதறியது. போராட்ட நாட்களில் சங்கக் கார்டைத் தூக்கி எறிந்தவர்களில் பலர் பழைய சங்கங்களுக்கே திரும்பினார்கள். பி.எஃப்., கிராஜுவிட்டி, ஆஸ்பத்திரிச் செலவு என்று கம்பெனி ஆபீசில் ஒரு காகிதம் நகர வேண்டும் என்றால் ஆபீசுக்குள் போய்வரத் தெரிந்த ஆள் வேண்டும். அந்த ஆள் பழைய சங்கத்தில்தான் இருந்தார்.

விரிசலுக்கு அந்தப் பெண்களுக்கும் பொறுப்பு உண்டு. யார் முதலில் பேசுவது, யார் முகம் திரையில் வருவது என்ற போட்டி இருந்தது; கட்சிகளின் இழுப்புக்கு ஆட்பட்டார்கள். இதைச் சொல்லாமல் விட்டால் அவர்களைப் பொம்மைகளாக்கிவிடுவோம். ஆனால் அந்தப் போட்டியை யார் உண்டாக்கினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆயிரக்கணக்கான பேர் சேர்ந்து நடத்திய ஒன்றுக்கு ஒரே ஒரு தலைவியைத் தேடி நாங்கள்தான், எழுதுகிறவர்களும் படம் எடுக்கிறவர்களும்தான், மைக்கை நீட்டினோம். நன்றாகப் பேசுகிறவளைத் தேர்ந்தெடுத்தோம். இரண்டாம் நாள் அவள் பெயர் தலைப்பில் வந்தது. செட்டில் அதுவரை எல்லோரும் ஒரே வரிசையில் நின்று வெட்டியவர்கள். ஒருத்தி மட்டும் உயரத்தில் தெரிய ஆரம்பித்ததும் மற்றவள் தன் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று பார்க்கத் தொடங்கியதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. ஆண்களின் சங்கங்கள் உடைந்ததே இல்லையா? ஏ.ஐ.டி.யு.சி. உடைந்துதானே சி.ஐ.டி.யு. வந்தது? அதை யாரும் ஆண்களுக்கு ஒற்றுமை வராது என்பதற்கு அத்தாட்சியாகக் காட்டுவதில்லை. கொள்கை வேறுபாடு என்று எழுதுகிறோம். பெண்கள் பிரிந்தால் சண்டை என்கிறோம்.

மூணாற்றுக்கு ஏழு மாதம் கழித்து, 2016 ஏப்ரலில், பெங்களூரு ஆயத்த ஆடைத் தொழிற்சாலைப் பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். வருங்கால வைப்பு நிதியில் முதலாளி கட்டும் பங்கை 58 வயது வரை எடுக்க முடியாது என்று மத்திய அரசு கொண்டுவந்த விதிதான் காரணம். பெரிய சங்கம் எதுவும் அவர்களை அழைக்கவில்லை. இரண்டு நாளில் விதி திரும்பப் பெறப்பட்டது. அங்கும் இதே கேள்விதான் எழுந்தது, இவர்கள் பின்னால் யார்? அங்கும் கணக்குத்தான் அவர்களைத் தெருவுக்குக் கொண்டுவந்தது. மகள் கல்யாணத்துக்கு, மாமியாரின் ஆபரேஷனுக்கு, ஒரு வேலையை விட்டு இன்னொன்றில் சேரும் இடைவெளிக்கு என்று அந்தப் பணத்தை எங்கே எப்போது எடுப்போம் என்று ஒவ்வொருத்தியும் முன்கூட்டியே மனதில் போட்டு வைத்திருந்தாள். தில்லியில் எழுதிய விதி அந்தக் கணக்கை ஒரே நாளில் அழித்தது. அறிவில்லாத கூட்டத்தின் ஆவேசம் என்று அதைச் சித்திரித்தவர்களுக்குத் தொழிலாளியின் வீட்டுக் கணக்கு தெரியாது.

கோழிக்கோட்டிலிருந்து விஜியும் பெண்கூட்டு அமைப்பும் ஜவுளிக்கடைப் பெண்களுக்காகப் பல ஆண்டு நடத்திய உட்காரும் உரிமைப் போராட்டம் இதற்கு மறுபக்கம். அது ஒரு வாரத்தில் வெடித்து முடிந்ததல்ல, மெதுவாக நகர்ந்தது. 2018இல் கேரளம் கடைகள் சட்டத்தைத் திருத்தியது. 2021இல் தமிழ்நாடும் திருத்தியது. இன்று தி.நகர் கடையில் விற்பனைப் பெண்ணுக்கு ஒரு ஸ்டூல் போட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது என்றால் அதன் தொடக்கம் கோழிக்கோட்டில், கழிப்பறைக்குப் போக அனுமதி இல்லாமல் நாள் முழுக்க நின்ற பெண்களிடம் இருக்கிறது. தலைமையை நான் எடைபோட விரும்பும் இடம் இதுதான். கூட்டம் கலைந்த பிறகு சட்டத்தில் ஒரு வரி மிஞ்சியதா என்று பார்க்க வேண்டும்.

மூணாற்றில் மிஞ்சியது என்ன? அதற்குப் பதில் தேடப் பெட்டிமுடியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

2020 ஆகஸ்ட் 6 இரவு, நயமக்காடு எஸ்டேட்டின் பெட்டிமுடி டிவிஷனில் மலை சரிந்தது. தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் மண்ணும் பாறையும் வந்து விழுந்து, லயங்கள் இருந்த இடம் தெரியாமல் போயின. மின்சாரம் இல்லை, தொலைபேசி இல்லை. விடிந்த பிறகுதான் வெளியுலகுக்குத் தெரிந்தது. 70 பேர் போனார்கள். சிலருடைய உடல் கிடைக்கவேயில்லை. இறந்தவர்களில் பலர் ஒரே உறவுக் கூட்டம். தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறுதான் அவர்களுக்குப் பூர்வீகம். அங்கே ஒரே தெருவில் வீடு வீடாக இழவு விழுந்தது. அடுத்த நாள் இரவு கோழிக்கோட்டில் விமானம் ஓடுபாதை தாண்டி உடைந்தது. அதில் இறந்தவர்களின் குடும்பத்துக்கு மாநில அரசு 10 லட்சம் அறிவித்தது. பெட்டிமுடிக்கு 5 லட்சம். அப்போதைய முதலமைச்சர் மறுநாளே கோழிக்கோடு போனார். மூணாற்றுக்கு 13ஆம் தேதி வந்தார்.

அன்று முதலமைச்சர் வரும் வழியில் கோமதி சாலையில் உட்கார்ந்தார். ஐந்து வருடத்துக்கு முன் அவரோடு ஆயிரக்கணக்கானோர் இருந்தார்கள், அன்று அப்படி இல்லை. போலீஸ் அவரை அப்புறப்படுத்தியது. அவர் கேட்டது நிவாரணத் தொகையை அல்ல. தோட்டத் தொழிலாளிக்குச் சொந்தமாக நிலம், சொந்தமாக வீடு வேண்டும் என்றார். துக்க வீட்டில் இது என்ன அரசியல் என்று பலருக்குத் தோன்றியிருக்கும். எனக்கு அந்த வாரத்தில் பெட்டிமுடியைப் பற்றிப் பேசப்பட்டவற்றில் அதுவே மிகச் சரியான பேச்சாகப் படுகிறது. எழுபது பேர் அந்தச் சரிவுக்குக் கீழே ஏன் தூங்கிக்கொண்டிருந்தார்கள் என்ற கேள்விக்கு மழை மட்டும் பதில் இல்லை. லயம் எங்கே கட்டப்பட்டிருக்கிறதோ அங்கேதான் அவர்கள் தூங்க முடியும். அது அவர்கள் தேர்ந்தெடுத்த இடம் அல்ல. கம்பெனி தேர்ந்தெடுத்த இடம், அதிலும் பல லயங்கள் வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் தேர்ந்தெடுத்தவை. ஓர் அறை, ஒரு சமையல் மூலை, முன்னால் ஒரு திண்ணை. அதில் மூன்று தலைமுறை.

அந்த அறையும் வேலையோடு கட்டப்பட்டது. பெயர் பதிவேட்டில் இருக்கும் வரை அறை உண்டு. ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும், குடும்பத்தில் இன்னொருவர் வேலைக்குச் சேர்ந்தால் தங்கலாம். ஆண்பிள்ளைகள் டிரைவர் வேலைக்கும் கடை வேலைக்கும் திருப்பூருக்கும் போகிறார்கள். அறையைக் காப்பாற்ற மகளோ மருமகளோ கத்திரியைக் கையில் எடுக்கிறாள். பிளஸ் டூ முடித்தவளும் எடுக்கிறாள். ஒரு குடும்பம் தலைக்கு மேல் கூரையோடு இருப்பதே பதிவேட்டில் உள்ள அந்தப் பெண்ணின் பெயரால்தான். இருந்தும் பட்டா என்று ஒன்று அவள் பெயரில் எங்கும் கிடையாது. 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் குடியிருப்பு கொடு என்றது. சொந்தமாகக் கொடு என்று சொல்லவில்லை. முதுமையில் எங்கே போவது என்று அவள் கேட்டால் கம்பெனியிடமும் அரசிடமும் சங்கத்திடமும் பதில் இல்லை. பூர்வீக ஊரில் அவளுக்கு ஒரு சென்ட் நிலமும் கிடையாது. இருந்திருந்தால் அவளுடைய பாட்டி மலையேறியிருக்க மாட்டாள்.

பெட்டிமுடியில் வீடிழந்த குடும்பங்களுக்காகக் குட்டியாறு பள்ளத்தாக்கில் எட்டு வீடுகள் கட்டிக் கொடுக்கப்பட்டன. சாவுக்குப் பிறகு வந்த வீடுகள் அவை. மற்ற டிவிஷன்களில் லயங்கள் சரிவுகளுக்குக் கீழே அப்படியே இருக்கின்றன, ஒவ்வொரு ஆடி மழைக்கும் அதே பயம்.

பெண்களின் தலைமை பற்றி அடுத்த மகளிர் தினத்தில் யாராவது என்னைப் பேசச் சொன்னால் வீரத்தைப் பற்றிப் பேச எனக்கு விருப்பம் இல்லை. மூணாற்றில் வீரம் குறைவாக இருந்த நாளே கிடையாது. இரண்டு காரியங்களைக் கேட்பேன். கூலியைத் தீர்மானிக்கும் குழுவில் தொழிலாளர் தரப்பு இருக்கைகளில் பாதிக்கு மேல் கொழுந்து வெட்டும் பெண்களுக்கு என்று விதியில் எழுத வேண்டும். சங்கம் யாரை வேண்டுமானாலும் அனுப்பட்டும், கத்திரி பிடிக்கிற கை அதில் இருக்க வேண்டும். கூட்டம் வேலை நேரத்தில், அன்றைய கூலியோடு, அவர்கள் வாசிக்கக்கூடிய தமிழ்த் தாளோடு நடக்க வேண்டும். இரண்டாவது, ஓய்வு பெறும் நாளில் அவள் பெயரில் நாலு சென்ட் நிலம், சரிவுக்குக் கீழே இல்லாத நிலம். கோமதி 2020இல் சாலையில் உட்கார்ந்து கேட்டது இதைத்தான். அதற்கான நிலம் அரசிடமும் இருக்கிறது, கம்பெனியிடமும் இருக்கிறது. மூணாற்றில் ரிசார்ட்டுகளுக்குக் கிடைத்த மலை, தொழிலாளிக்கு மட்டும் கிடைக்காது என்று சொல்ல ஒரு நியாயமும் இல்லை.